‘ஒரு நிமிஷம், டாக்டர்!’

இரவு பதினொரு மணி. வார்டில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. சிஸ்டர் ஊசியோடு வருகிறார். கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்த மகள் எழுந்து உட்கார்கிறாள். ‘இந்த ஊசியைக் காலையிலேயே நிறுத்தச் சொல்லிட்டாங்களே சிஸ்டர்?’ என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே விழுங்கிக்கொள்கிறாள். அவர்கள் படித்தவர்கள், நமக்கென்ன தெரியும்? கேட்டால் கோபித்துக்கொண்டு அப்பாவைக் கவனிக்காமல் விட்டுவிட்டால்?

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த யாருக்கும் இந்தத் தயக்கம் புதிதில்லை. உயிரைக் குடிக்கக்கூடிய தயக்கம் அது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருக்கிறது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. உலகமே கொண்டாடும் இடம். 2001-ம் ஆண்டு தொடக்கத்தில், வெந்நீர் பட்டுத் தோல் வெந்த ஒன்றரை வயதுக் குழந்தை ஜோசி கிங்கை அங்கே சேர்த்தார்கள். புண் ஆறி வந்தது. வீடு திரும்ப நாள் குறித்தாகிவிட்டது. ஆனால், குழந்தை தண்ணீருக்குத் தவித்தாள். ஈரத்துணி கிடைத்தால் அதையும் சப்பினாள். தாய் சாரெல் கிங் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றே பதில் வந்தது. பிறகு ஒரு நர்ஸ் மெத்தடோன் என்ற கடுமையான வலிநிவாரணி மருந்தோடு வந்தார். ‘இனி அந்த மருந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களே’ என்றார் தாய். ‘உத்தரவு மாறிவிட்டது’ என்று மருந்து கொடுக்கப்பட்டது. உடலில் நீர் வற்றியிருந்த குழந்தையின் இதயம் நின்றுபோனது. பிப்ரவரி 22 அன்று ஜோசி இறந்தாள்.

அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. அவர் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். கேட்கத்தான் ஆளில்லை. மருத்துவமனை தவற்றை ஒப்புக்கொண்டது. இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பகுதியைப் பெற்றோர் அதே மருத்துவமனையிடம் கொடுத்து, நோயாளிகளின் பாதுகாப்புக்கான பணிகளைத் தொடங்கச் செய்தார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த இடத்துக்கே திரும்பிப்போய் அதைத் திருத்த முனைந்த அந்த மனசை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அங்கே பணியாற்றிய மருத்துவர் பீட்டர் புரொனோவோஸ்ட் அந்தக் காலத்தில்தான் ஒரு காரியம் செய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய ரத்தக்குழாய்க்குள் குழாய் செருகும்போது கிருமி தொற்றிப் பலர் சாகிறார்கள். கை கழுவுவது, கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது என அதைத் தடுக்கும் ஐந்து படிகளை ஒரு தாளில் எழுதினார். எல்லா டாக்டருக்கும் தெரிந்த சங்கதிகள்தான். புதுமை அதற்கடுத்து வந்தது: டாக்டர் ஒரு படியைத் தாண்டினால், அவரை நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இந்தத் தாளைப் பின்பற்றின. மூன்றே மாதங்களில் குறைந்தது பாதிப் பிரிவுகளில் அந்தத் தொற்று அடியோடு நின்றது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. டெல்லி உள்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது, மரணங்கள் 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தன. கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒருமுறை வாய் திறந்து பேசியவருக்கு, ஆபத்து கண்ணில் படும்போது மறுபடி பேசுவது எளிது.

சிகிச்சைக்குப் போகும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்வதாகவும், அதில் பாதிக்கு மேல் தடுக்கக்கூடியவை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எப்படி நேர்கின்றன? இன்சுலின் அளவை ‘10’ என்று எழுதி, யூனிட்டைக் குறிக்க ஆங்கில ‘யூ’ எழுத்தை ஒட்டிப் போடுகிறார் ஒருவர். அவசரக் கண்ணுக்கு அது பூஜ்யமாகத் தெரிந்து 100 ஆகிவிடுகிறது. பெயரிலும் அட்டைப்பெட்டியிலும் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு மருந்துகள் ஒரே தட்டில் கிடக்கின்றன. ஷிஃப்ட் மாறும்போது சொல்ல வேண்டிய ஒரு வரி விட்டுப்போகிறது. இவை எதிலும் கொடியவர் என்று யாரும் இல்லை. இரவு நேரத்தில் ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் போய் எண்ணிப் பார்க்கலாம்.

தவறு வெளியே வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு ஊழியரை சஸ்பெண்ட் செய்துவிட்டு விவகாரத்தை மூடிவிடுகிறோம். ஒரே தட்டில் கிடந்த மருந்துகள் அங்கேயே கிடக்கின்றன. அடுத்த முறை மயிரிழையில் தப்பும் தவற்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வேண்டுமென்றே செய்த அலட்சியத்துக்குத் தண்டனை வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் வேண்டும். அதற்கு நீதிமன்றமும் நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. ஆனால், தவறிலிருந்து பாடம் படிக்க வேறொரு அறை தேவைப்படுகிறது.

அப்படி ஓர் அறை தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எந்த இடத்தில் தாமதம், எங்கே ரத்தம் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு மரணத்தையும் நம் சுகாதாரத் துறை பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக்கு இறந்தவரின் உறவினர்களையும் அழைக்கும் முறை உண்டு. யாரைத் தண்டிப்பது என்பதைவிட, அடுத்த தாயை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அங்கே கேள்வியாக இருக்க வேண்டும் என்பது விதி. 2001-03 காலத்தில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20ல் 54 ஆனது. பல காரணங்களில் இந்த ஆய்வும் ஒன்று.

தாய்மார்களுக்குச் செய்ததை எல்லா நோயாளிகளுக்கும் செய்ய என்ன தடை? மருந்து மாறியதை, மாற இருந்ததை, பெயர் சொல்லாமல் எழுதிப் போட ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு வழி வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் இது கட்டாயமாக வேண்டும். எழுதியவரைத் தேடிப் பிடிக்க மாட்டோம் என்ற உறுதி அரசாணையிலேயே இருக்க வேண்டும்.

செப்டம்பர் 17 உலக நோயாளிகள் பாதுகாப்பு நாள். அதற்குள் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும், பாயில் படுத்திருக்கும் அந்த மகளின் கண்ணில் படும்படி, தமிழில் ஒரு பலகை தொங்கட்டும்: ‘இது என்ன மருந்து, எதற்காக என்று நீங்கள் கேட்கலாம். பதில் சொல்வது எங்கள் கடமை.’