மீனுக்கு எவ்வளவு பசி?



உங்களில் பலர் வீட்டில் வண்ணமீன் வளர்ப்பீர்கள். கண்ணாடித் தொட்டி இல்லாவிட்டால் ஒரு பழைய பாட்டிலிலாவது இரண்டு கப்பிகள் நீந்திக்கொண்டிருக்கும். வேலப்பன்சாவடி, திருவேற்காடு, அம்பத்தூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இந்த ஆசை எளிதில் நிறைவேறிவிடும். நாட்டின் பெரிய வண்ணமீன் வியாபார இடங்களுள் ஒன்றான கொளத்தூர் பக்கத்திலேயே இருக்கிறதே! ஆனால் வாங்கி வந்த மீன் பத்து நாளில் செத்து மிதக்கும். உடனே, “கடைக்காரர் நோஞ்சான் மீனைத் தலையில் கட்டிவிட்டார்” என்போம்.

என் கருத்து வேறு. நம் வீட்டு மீன்கள் பட்டினியால் சாவது மிக அரிது. பெரும்பாலும் நாம் அள்ளிப் போடும் தீனியே அவற்றைக் கொல்கிறது.

மீனுக்கு உணவிட நாம் கற்றுக்கொண்ட இடம் கோயில் குளம். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தில் கை நிறையப் பொரியை வீசினால் மீன்கள் கூட்டமாக மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குளத்தில் நீர் பல லட்சம் லிட்டர். நம் தொட்டியிலோ பத்து லிட்டர். வீசும் கை மட்டும் அதே கை!

இனி, மீனுக்கு எவ்வளவு உணவு தேவை என்று பார்ப்போம். நீங்களும் நானும் உண்பதில் பெரும்பகுதி, உடல் வெப்பநிலையை 37 டிகிரி செண்டிகிரேடில் நிறுத்தி வைக்கும் வேலையோடு சேர்ந்தே செலவாகிறது. சுண்டெலிக்கு இந்தச் செலவு இன்னும் அதிகம். சின்ன உடலிலிருந்து வெப்பம் விரைவாக வெளியேறுவதால், அது தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தினமும் தின்ன வேண்டியிருக்கிறது. மீனுக்கு இந்தக் கவலை இல்லை. நீரின் வெப்பநிலைதான் அதன் உடல் வெப்பநிலையும். மேலும், நீரே அதன் எடையைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே வளர்ந்த மீனுக்குத் தன் எடையில் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை உலர்தீனி ஒரு நாளைக்குப் போதும். பத்துக் கப்பிகளின் மொத்த எடையை 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சதவீதக் கணக்கில் அவற்றின் ஒரு நாள் சாப்பாடு 0.1 கிராம். பத்து மீனுக்கும் சேர்த்துத்தான்!

“நான் அருகில் போனாலே கண்ணாடியை முட்டிக்கொண்டு கேட்கிறதே?” என்பீர்கள். அது பழக்கம். மணியோசை கேட்டதும் எச்சில் ஊறிய பாவ்லவின் நாயைப் பாடத்தில் படித்திருப்பீர்கள்; அது போன்றதுதான் இதுவும்.

மிகுந்துபோன தீனி என்ன ஆகிறது? பத்து லிட்டர் தொட்டியின் அடியில் 1 கிராம் தீனி தின்னப்படாமல் கிடக்கிறது என்போம். அதில் புரதம் 40 சதவீதம், அதாவது 0.4 கிராம். புரதத்தில் நைட்ரஜன் ஏறத்தாழ 16 சதவீதம். ஆகவே 64 மில்லிகிராம் நைட்ரஜன். அழுகும்போது இதில் பாதி மட்டுமே அம்மோனியாவாக மாறினாலும், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்துவிடும்.

நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அயனியால் அவ்வளவு தீங்கில்லை. மின்னூட்டமற்ற அம்மோனியாதான் செவுளை அரிக்கும் நஞ்சு. 30 டிகிரியில் நீரின் பி.எச். எண் 7 ஆக இருந்தால், மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இந்த நச்சு வடிவம் இருக்கும். பி.எச். 8 ஆனால் ஏழு சதவீதத்துக்கு மேல் போய்விடும். நம் கணக்கில் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டுகிறது. 0.05 மில்லிகிராமே செவுளைக் கெடுக்கத் தொடங்கப் போதுமானது. உங்கள் வீட்டுக் கிணற்று நீரின், போர்வெல் நீரின் பி.எச். எண்ணைப் பள்ளி வேதியியல் கூடத்தில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

பழைய தொட்டியில் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறியிருக்கும். புதுத் தொட்டியில் அவை பெருக நாலைந்து வாரம் பிடிக்கும். புது மீன் முதல் பத்து நாளில் சாவதன் மர்மம் இதுதான். “சுத்தமாக இருக்கட்டும்” என்று கல்லையும் பஞ்சையும் வாரந்தோறும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுகிறவர்கள், அந்தப் பாக்டீரியாக்களையும் சேர்த்து வெளியேற்றிவிடுகிறார்கள்.

சென்னை வெயில் இன்னொரு சிக்கலைத் தருகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் மீனின் வளர்சிதை மாற்ற வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். பிராணவாயுத் தேவையும் அவ்வாறே கூடும். நீரில் கரையும் பிராணவாயுவோ குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரைகிறது. 30 டிகிரியில் 7.6தான். தேவை கூடும்போது கையிருப்பு குறைகிறது. அழுகும் தீனியும் அதே பிராணவாயுவில் பங்கு கேட்கும். சித்திரை, வைகாசியில் மீன் ஆவலோடு தின்கிறது என்று கூடுதலாகப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்ன உணவு என்பதும் முக்கியம். ஃபைட்டர் மீன் பூச்சி தின்னி. மோலிக்குப் பாசியும் கீரையும் வேண்டும். தங்கமீன் உண்மையில் வெப்பமண்டல மீன் அன்று. அதற்கு இரைப்பையே கிடையாது. ஒரேயடியாகப் போடாமல் சிறுகச் சிறுகக் கொடுப்பதே அதற்கு ஏற்றது. வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியும் கொடுக்கலாம். இட்லித் துணுக்கும் பிஸ்கோத்தும் எந்த மீனுக்கும் வேண்டாம்.

மலிவு என்று பெரிய தீனிப் பொட்டலம் வாங்கி வருடக்கணக்கில் வைத்துக்கொள்வதும் தவறு. பெரும்பாலான மீன்களால், நம்மைப் போலவே, வைட்டமின் சி-யைத் தாமே தயாரித்துக்கொள்ள முடியாது. வெப்பமும் ஈரக்காற்றும் பட்டால் தீனியில் உள்ள அந்தச் சத்து அழிகிறது. குறைபாடு நீடித்தால் மீனின் முதுகெலும்பு வளையலாம். சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்கான கரோட்டினாய்டுகளும் உணவிலிருந்துதான் வர வேண்டும்.

உயிருணவாகக் கடைகளில் சிவப்பு நூல் போன்ற டியூபிஃபெக்ஸ் புழு கிடைக்கும். மீன் விரும்பித் தின்னும். ஆனால் அது கழிவுநீர்ச் சேற்றில் வளர்வது. அங்குள்ள கிருமிகளையும் உலோகங்களையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடியது. கொசுப்புழு நல்ல உணவு என்றாலும் அதை வீட்டில் வளர்க்கவே கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது நம் வாளித் தண்ணீரில்தான். ஆர்வமுள்ளவர்கள் ஆர்ட்டீமியா முட்டை வாங்கிப் பொரிக்கலாம். தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் சிற்றுயிர் இது. லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்புக் கரைத்து, காற்றுக் குமிழி விட்டால், சுமார் ஒரு நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தீனிப் பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போகாதீர்கள். நலமாயுள்ள வளர்ந்த மீன் நாலைந்து நாள் உணவின்றித் தாங்கும். குஞ்சுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றுக்கு ஒரு நாளில் பல தடவை, துளித்துளியாகக் கொடுத்தாக வேண்டும்.

நாளை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் அனுமதி பெற்று, ஆய்வுக்கூடத் தராசில் 1 கிராம் தீனியை நிறுத்துப் பாருங்கள். அதை ஒரு தாளில் கொட்டிப் பத்துச் சம பங்காகப் பிரியுங்கள். அதில் ஒரு பங்குதான் பத்துக் கப்பிகளின் ஒரு நாள் உணவு. அதையும் காலையில் பாதி, மாலையில் பாதி என்று போடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீரவில்லையானால், மறுநாள் இன்னும் குறையுங்கள்.