வகுப்பறை விவாதம் வாயாடிகளுக்கு மட்டுமா?

வகுப்பில் விவாதம் வைத்தால் வாயாடும் பிள்ளைகள்தான் ஜெயிப்பார்கள், கூச்சப்படுபவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், பாடமும் முடியாது என்று ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இதில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

குரலுக்கும் கைத்தட்டலுக்கும் மதிப்பெண் போட்டால் வாயாடிதான் ஜெயிப்பான். கோளாறு மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது. டியானா குன், அமண்டா குரோவெல் இருவரும் 2011இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, எதிரணியோடு கணினியில் எழுத்து மூலமாக வாதிட்டார்கள். மூன்று ஆண்டுகள் இது நடந்தது. எழுதி வாதிடும்போது உரத்த குரலுக்கு வேலையே இல்லை. இன்னொரு பிரிவுக்கு ஆசிரியர் வழிநடத்திய கலந்துரையாடல். கட்டுரைப் பயிற்சியும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆனாலும் எதிர்க்கருத்தையும் எடைபோட்டுக் கட்டுரை எழுதுவதில் விவாதித்தவர்களே முந்தினார்கள். முடிவெடுக்க என்ன ஆதாரம் தேவை என்று கேட்கவும் அவர்களே கற்றிருந்தார்கள்.

பாடம் முடியாது என்பவர்களுக்குக் கீழடி அகழாய்வைக் காட்டுவேன். 'கீழடி கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது' என்று மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். அதையே விவாதமாக்குங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580. அந்த ஆழத்து மாதிரியின் காலம், அங்கே கிடைத்த தமிழி எழுத்து பொறித்த பானை ஓட்டுக்கும் பொருந்துமா? ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது? ஒரு மாதிரியை வைத்து ஊரின் வயதைச் சொல்லலாமா? இரு அணிகளும் அறிக்கையைப் புரட்டியே ஆகவேண்டும். கரிமக் காலக்கணிப்பு, மண்ணடுக்கு, தமிழி எழுத்து எல்லாம் ஒரே கேள்வியைத் தொட்டு உள்ளே வந்துவிடும். பெருமையோடு சொல்லும் ஒரு செய்தியை ஆதாரத்தோடும் சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தத் தேர்வு தோற்கடிக்கும்?

நம்பாத பக்கத்தைப் பேசவைப்பது பொய் பேசப் பழக்குவதாகாதா என்றும் கேட்கிறார்கள். இலக்கண நூலான நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் (கொள்கைகளில்), பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்பு களைவதும் ஒன்று. எதிராளியின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துச் சொல்லத் தெரியாதவன் அதைக் களைவது எப்படி? பாதி நேரத்தில் அணிகளை மாற்றிவிடுங்கள். பிள்ளை இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டுத் தன் முடிவுக்கு வரட்டும்.

வகுப்பறை விவாதம் மேல்நாட்டு மோகம் என்பது வீண்பேச்சு. மணிமேகலையில் அறவண அடிகள் மெய்யான ஏது (காரணம்) எது, போலி ஏது எது என்று வகைபிரித்தே பாடம் நடத்துகிறார்.

ஆசிரியர்களே, மாதத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஆதாரம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் மதிப்பெண், எதிரணியின் ஆதாரத்தைச் சோதித்துக் கேள்வி கேட்டால் மதிப்பெண், குரலுக்கு ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.