எழுதச் சொன்னதும் எழுதப்பட்டதும்

ஆய்வு முடிவுகளின் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசும்போது மாதிரியின் அளவையும் புள்ளியியல் முறையையும் விவாதிக்கிறோம். கணக்கிட்ட முடிவு வட்டில் முழுமையாகப் பதிந்ததா என்று கேட்பவர் அரிது. கணினிவழி ஆய்வில் அக்கேள்வியும் முறையியலைச் சேர்ந்ததே என்பது என் கருத்து.

20,000 கிடைவரிசையும் 20,000 நெடுவரிசையும் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். உறுப்புக்கு 8 பைட்டு வீதம் மொத்தம் 320 கோடி பைட்டு. சி மொழியில் ஒரே ரைட் அழைப்பில் இதை எழுத முயன்றால், 64 பிட்டு லினக்ஸும் 2,147,479,552 பைட்டுகளோடு நிறுத்திக்கொள்ளும். எழுதிய எண்ணிக்கையைத் திருப்பித் தரும். பிழை என்று சொல்லாது. அந்த எண்ணை நிரல் பார்க்காவிட்டால், 13,422ஆம் கிடைவரிசையின் நடுவிலேயே கோப்பு முடிந்துவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தரவு ஓசையின்றி மறைந்திருக்கும்.

அதே நிரலை மேக்ஓஎஸ் ஏற்காது. 2,147,483,647 பைட்டுக்கு மேல் கேட்டால் ஒரு பைட்டும் எழுதாமல் பிழையைத் திருப்பும். விண்டோஸின் ரைட்ஃபைல் அழைப்போ அளவை 32 பிட்டு எண்ணாகவே பெறுகிறது. அதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தால் மேல் பிட்டுகள் உதிர்ந்து, கேட்ட அளவே வேறாகிவிடும்.

இதற்குப் பலர் பாதித் தீர்வோடு நின்றுவிடுகின்றனர். திருப்பிய எண்ணைப் பார்த்து மீதியை மீண்டும் எழுதும் சுழற்சி லினக்ஸுக்குப் போதும். முதல் அழைப்பையே மறுக்கும் மேக்ஓஎஸ்ஸில் அது பயன்படாது. தரவைச் சிறு துண்டுகளாக்குவது மட்டும் மேக்ஓஎஸ்ஸுக்குப் போதும்போல் தோன்றும். ஆனால் வட்டு நிரம்பும்போதும், குழாய்வழி எழுதும்போதும் சிறு துண்டும் குறையாகவே எழுதப்படலாம். போசிக்ஸ் தரநிலை அதை அனுமதிக்கிறது. ஆகவே இரண்டும் சேர்ந்தே வேண்டும்: ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் உச்சவரம்பு, திருப்பிய எண்ணின்படி முன்னேறும் சுழற்சி. கோ மொழியின் நூலகம் 1 ஜிபி என்ற வரம்பை வைத்து இவ்வாறே செய்கிறது. வாசிப்புக்கும் இதே நெறி பொருந்தும். குறைவாக வந்தது கோப்பின் முடிவு அன்று, சுழியம் வந்தால்தான் முடிவு.

ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனி வரம்பை நிரலில் பொறிக்கத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் கீழான ஒரே வரம்பு போதும். வேகமும் குறையாது, 1 ஜிபியை நகர்த்தும் நேரத்தின் முன் ஓர் அழைப்பின் செலவு பொருட்டன்று.

"எங்கள் ஆய்வகத்தில் லினக்ஸ் மட்டுமே" என்பது இங்கே ஆறுதல் ஆகாது. உரக்கத் தோற்கும் மேக்ஓஎஸ் ஆய்வாளரை எச்சரிக்கிறது. அமைதியாகப் பாதியில் நிற்கும் லினக்ஸில் பிழையான முடிவு கட்டுரைவரை சென்றுவிடக்கூடும். சிறு கோப்புகளில் இது ஒருபோதும் வெளிப்படாது என்பதால், வகுப்பறைப் பயிற்சிகள் இதைக் கற்றுத்தருவதுமில்லை.

நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள் 2 ஜிபியைத் தாண்டும் ஒரு கோப்பையாவது மாணவரை எழுதி, மீள வாசித்து, ஒப்பிடச் செய்யவேண்டும். ஆய்வேட்டை மதிப்பிடுவோர் நிரலையும் கேட்டு வாங்கி, ரைட் திருப்பிய எண் எங்கே சரிபார்க்கப்படுகிறது என்று வினவவேண்டும்.