கேம் ஆடினா கம்ப்யூட்டர் படுத்துக்குதா? ஃபார்மட்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி வந்தாலும் நம்ம ஊர்ல மருந்து ஒண்ணுதான். "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." ஸ்லோவா இருக்கா? ஃபார்மட். பிரிண்டர் வேலை செய்யலையா? ஃபார்மட். கேம் ஆடிட்டு இருக்கும்போது பொட்டுனு அணைஞ்சு போகுதா? அதுக்கும் ஃபார்மட். தலைவலி, வயித்துவலி, கால் சுளுக்கு எல்லாத்துக்கும் ஒரே கலர் மாத்திரையை மடிச்சுக் கொடுக்கிற கம்பவுண்டர் ஞாபகம்தான் வருது எனக்கு.

முதல் ரெண்டையும் விட்டுடுவோம். மூணாவது கேஸைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். ஏன்னா, இதுல காசு மட்டும் போறதில்லை.

முதல்ல ஒரு விஷயம். "ராத்திரி பகலா கேம் ஆடி ஆடியே சிஸ்டத்தைக் கெடுத்துட்டான்"னு வீட்டுக்கு வீடு ஒரு புகார் இருக்கும். நெஞ்சு வலின்னு போனா டாக்டர் டிரெட்மில்ல ஓட விடறாரு. ஓடும்போது ஈசிஜி கோணலாச்சுன்னா, டிரெட்மில்தான் இதயத்தைக் கெடுத்துச்சுன்னு யாராவது சொல்வோமா? கேமும் அப்படித்தான். லெட்டர் டைப் பண்ணும்போதும் படம் பார்க்கும்போதும் பிராசஸர் பாதித் தூக்கத்துல இருக்கும். கேம் ஓடும்போதுதான் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்எம்பிஎஸ்னு எல்லாமே ஒரே நேரத்துல முழு மூச்சா வேலை செய்யும். எங்கே ஓட்டை இருக்கோ அது அப்போ வெளியே தெரியும். ஓட்டை முன்னாடியே இருந்ததுதான்.

நான் சர்வீஸ் ஆள் கிடையாதுங்க. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனா எங்க அபார்ட்மென்ட்ல ஓசி கம்ப்யூட்டர் டாக்டர் பட்டம் எனக்குத்தான் (பீஸ்: ஒரு ஃபில்டர் காபி). போன மே மாசம் மாடி வீட்டு அம்மா கூப்பிட்டாங்க. "சார், கொஞ்சம் வந்து பாருங்களேன், இவங்க அப்பா பையனை அடிக்கவே போயிட்டாரு."

கதை இதுதான். பையன் பிளஸ் டூ முடிச்சுட்டு லீவுல கேம் ஆடறான். இருபது நிமிஷத்துல கம்ப்யூட்டர் ஆஃப். கடைக்குக் கொண்டு போயிருக்காங்க. ஃபார்மட் பண்ணி, ஒரு தொகை வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே மறுபடி ஆஃப். திரும்பப் போனா, "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு, புதுசு இருபத்திரெண்டாயிரம் ஆகும்"னு பதில். அவங்க அப்பாவோட ஒரு மாசச் சம்பளத்துல முக்கால்வாசி அது. இதுக்கு நடுவுல, டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டர்ல இருந்த போட்டோ எல்லாம் ஃபார்மட்ல போயிடுச்சு. போன வருஷம் தவறிப்போன தாத்தாவோட சதாபிஷேகப் படங்களும் அதுல இருந்திருக்கு.

"ஏதாவது சாஃப்ட்வேர் போட்டு எடுக்க முடியாதா அங்கிள்?"னு பையன் கேட்டான். பழைய ஹார்டு டிஸ்க்கா இருந்தா ஓரளவு சான்ஸ் உண்டு. இது எஸ்எஸ்டி. அழிச்ச இடத்தை டிரிம்னு ஒரு கட்டளை மூலமா விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிடும், டிரைவ் அந்த இடத்தைத் துடைச்சு வச்சுடும். அப்புறம் தோண்டினாலும் ஒண்ணும் கிடைக்காது. அவன்கிட்ட அதைச் சொல்றது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

சரி, கம்ப்யூட்டருக்கு என்னதான் வியாதி? மர டேபிள்ல சிபியு வைக்கன்னே ஒரு பொந்து அடிச்சிருப்பாங்க பாருங்க, மூணு பக்கமும் பலகை, முன்னாடி கதவு. அதுக்குள்ள இருந்துச்சு. வெளியே கத்திரி வெயில். டெம்பரேச்சர் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் போட்டேன். சும்மா இருக்கும்போதே பிராசஸர் 62 டிகிரி. கேமைத் திறந்து பத்து நிமிஷத்துல 100. கேபினெட்டைத் திறந்தா பிராசஸர் மேல இருக்கிற ஹீட்சிங்க்ல கம்பளி போர்த்தின மாதிரி தூசி. சுத்தம் பண்ணி, தெர்மல் பேஸ்ட் மாத்தி, பொந்துலேர்ந்து வெளியே எடுத்து வச்சேன். பேஸ்ட் செலவு இருநூறு ரூபாய்க்குள்ள. அதே கிராபிக்ஸ் கார்டு, அதே கேம், ரெண்டு மணி நேரம் அசையாம ஓடுச்சு.

இந்த அணைஞ்சு போறது இருக்கே, அது சிப் தன்னைக் காப்பாத்திக்கிற வழி. 2001ல டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்துக்காரங்க ஒரு வீடியோ போட்டாங்க, பலர் பார்த்திருப்பீங்க. கம்ப்யூட்டர் ஓடிட்டு இருக்கும்போதே பிராசஸர் மேல இருந்த ஹீட்சிங்க்கைக் கழட்டினாங்க. பென்டியம் 4 வேகத்தைக் குறைச்சுக்கிட்டு தாக்குப் பிடிச்சது. ஏஎம்டி அத்லான் புகைஞ்சு செத்துப் போச்சு. இன்னிக்கு வர்ற சிப் எல்லாத்துலயும் பாதுகாப்பு இருக்கு. இன்டெல்ல பலதுக்கும் எல்லை 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில பலதுக்கும் 95. அதைத் தொட்டா முதல்ல வேகம் குறையும், அதுக்கு மேலயும் ஏறினா கரண்டை வெட்டிடும். இதுக்கு விண்டோஸை அழிச்சு அழிச்சுப் போட்டா தூசி போகுமா?

அடுத்த சந்தேகக் கேஸ் கரண்ட். கேபினெட்டோட இனாமா வர்ற எஸ்எம்பிஎஸ் மேல 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்ட காசா பணமா! ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 75 வாட்ஸ் கார்டு, மதர்போர்டு ஸ்லாட்லேர்ந்தே கரண்ட் எடுத்துக்கும், அதனால தப்பிச்சுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கி மாட்டினீங்கன்னா அது 170 வாட்ஸ் கேட்கும். டம்மி எஸ்எம்பிஎஸ் அங்கேதான் கையை விரிக்கும்.

அதோட நம்ம ஊர் ஸ்பெஷல் யுபிஎஸ். 600 விஏன்னு எழுதியிருக்கிறதை 600 வாட்ஸ்னு நினைச்சுக்கிறோம். அந்த அளவு யுபிஎஸ்ல பலதும் 360 வாட்ஸ் சுமாருக்குத்தான். கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் அதுல மாட்டி, கேம்ல சண்டை சூடு பிடிக்கும்போது லோடு தாண்டினா யுபிஎஸ் கீச்சுனு கத்திட்டு கையை எடுத்துடும். பழி கம்ப்யூட்டர் மேல.

அதனால கடைக்குத் தூக்கிட்டு ஓடறதுக்கு முன்னாடி, எப்படி விழுதுன்னு பாருங்க. இதெல்லாம் குத்துமதிப்பான கணக்குதான், ஆனா பெரும்பாலும் வழி காட்டும்.

1. எந்த மெசேஜும் இல்லாம மொத்தமா ஆஃப் ஆகுதா? சூடு, எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் மூணையும் பாருங்க. பதினஞ்சு இருபது நிமிஷம் கழிச்சுன்னா சூடு. கேம் லோடாகி முடிச்ச உடனேன்னா கரண்ட்.

2. நீலத் திரை வருதா? விண்டோஸ் தானா ரீஸ்டார்ட் ஆகிற செட்டிங்கை எடுத்துவிட்டு, அதுல வர்ற பேரை எழுதி வைங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர் வந்தா ரேம் மேல சந்தேகப்படலாம். மெம்டெஸ்ட்86ஐ ஒரு ராத்திரி ஓட விடுங்க.

3. ஸ்கிரீன்ல கலர் கலரா கட்டம், இல்லேன்னா படம் போயி சத்தம் மட்டும் வருதா? கிராபிக்ஸ் கார்டு அல்லது அதோட டிரைவர். டிரைவரை முழுசா எடுத்துட்டு மறுபடி போட்டுப் பாருங்க.

4. ஒரே ஒரு கேம் மட்டும் மூடிக்குது, மத்ததெல்லாம் ஓடுதா? அந்த கேமோட ஃபைல்களைச் சரிபாருங்க. சிஸ்டத்தைத் தொடவே வேண்டாம்.

காசில்லாத டெஸ்ட் ஒண்ணு: கேபினெட்டோட பக்கவாட்டு மூடியைக் கழட்டிட்டு, டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வச்சு ஆடுங்க. நின்னு ஓடினா சூடுதான் காரணம். இன்னொண்ணு: கேம் செட்டிங்ல ஃபிரேம் ரேட்டை 30க்குக் கட்டிப் போடுங்க. கிராஷ் நின்னுச்சுன்னா சூடு அல்லது கரண்ட். எதுவா இருந்தாலும் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. நாலையும் சேர்த்து மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது.

மெசேஜ் சொல்றதை அப்படியே நம்பவும் முடியாதுங்க. இன்டெல்லோட 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் விவகாரம் ஞாபகம் இருக்கா? அன்ரியல் எஞ்சின் கேம்கள்ல வீடியோ மெமரி பத்தலைன்னு எரர் வந்துச்சு. படிச்சா கிராபிக்ஸ் கார்டு குத்தம்னுதான் தோணும். கடைசியில குற்றவாளி பிராசஸர். தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு தன்னையே கெடுத்துக்கிட்டு இருந்துச்சு. 2024 ஜூலைல இன்டெல்லே ஒத்துக்கிட்டு, ஆகஸ்ட்ல பயாஸ் வழியா திருத்தம் கொடுத்து, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரி பண்ணாது, மாத்தித்தான் வாங்கணும். அந்த சிப் வச்சுக்கிட்டு எத்தனை தடவை ஃபார்மட் பண்ணியிருந்தாலும் நயா பைசா பிரயோஜனம் கிடையாது.

கடைக்காரரை மட்டும் திட்டவும் எனக்கு மனசு வரலை. ஃபார்மட்டைப் போட்டுட்டு அவர் இன்னும் நாலு வேலை பார்க்கலாம். கோளாறு கண்டுபிடிக்கணும்னா கேமை ஓடவிட்டு ரெண்டு மணி நேரம் பக்கத்துல உட்காரணும். உட்கார்ந்து பார்த்துட்டு "தூசிதான் சார், ஐநூறு கொடுங்க"ன்னா நாம என்ன சொல்வோம்? "தூசி தட்டினதுக்கு ஐநூறா?" ஏதாவது ஒரு பார்ட்ஸை மாத்தினாதான் பர்ஸைத் திறக்கிறோம். பார்த்துச் சொல்றதுக்குக் காசில்லேன்னா அவர் எதுக்குப் பார்க்கணும்?

அதனால என் கட்சி இதுதான். டாக்டருக்குக் கன்சல்டிங் பீஸ் கொடுக்கிற மாதிரி, கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுக்குத் தாராளமா காசு கொடுங்க. கூடவே ரெண்டு கேள்வி கேளுங்க: "என்ன கோளாறு? எதை வச்சுச் சொல்றீங்க?" இதுக்குப் பதில் இல்லாம ஃபார்மட்னு ஆரம்பிச்சா மெஷினைத் தூக்கிட்டு வந்துடுங்க.

ஃபார்மட்டே வேண்டாம்னு சொல்லலை. வைரஸ் புகுந்திருந்தா, டிரைவர் எல்லாம் குழம்பிக் கிடந்தா அது நல்ல மருந்து. ஆனா அது கடைசி மருந்து. அதுக்கு முன்னாடி டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூணையும் ஒரு வெளி டிரைவ்ல நீங்களே காப்பி எடுத்துக்குங்க. கடைக்காரர் எடுப்பார்னு நம்பாதீங்க. அவருக்கு அது வெறும் ஜிபி கணக்கு. அதுல தாத்தா இருக்கார்னு அவருக்கு எப்படித் தெரியும்?

உங்க ஊர்ல எப்படி? காரணம் சொல்லிட்டுக் கை வைக்கிற மெக்கானிக் இருந்தா சொல்லுங்க, அவருக்கு ஒரு சலாம் போட்டுடுவோம்.

பி.கு. 1: தூசி தட்டும்போது பிளக்கைப் பிடுங்கிட்டு செய்யுங்க. ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு புளோயர் அடிங்க.

பி.கு. 2: விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு இருந்தா "எஸ்எம்பிஎஸ் அவுட்"னு சொல்ற ஆளுங்க உண்டு. ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம மறுபடி ஆன் ஆச்சுங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். காரணத்தை அது சொல்றதே இல்லை :-)