சத்தம் எங்கிருந்து வருகிறது?



லிந்துலையிலிருந்து நானுஓயா ஏற்றம் ஏறும்போதெல்லாம் நாங்கள் ஆசிரியர்கள் பங்குபோட்டுப் போகும் வேனின் எஞ்சினில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். அல்டர்நேட்டர்தான் என்று ஒரு கராஜில் அடித்துச் சொன்னார்கள். காசு சேர்த்து மாற்றினோம். சத்தம் போகவில்லை.

அடுத்துப் பார்த்த பாஸ் எதையும் மாற்றச் சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சில விநாடிகள் மட்டும் எஞ்சினை ஓடவிட்டார். சத்தம் இல்லை. அப்படியென்றால் கோளாறு எஞ்சினுக்குள் இல்லை, பெல்ட் சுழற்றும் சாமான்களில்தான். எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றி, ஆட்டிப் பார்த்தார். வாட்டர் பம்ப் புல்லி கரகரத்தது, ஆடியது. தேய்ந்த பேரிங் அதில்தான். அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் தண்ணீர் ஓட்டம் நின்று, நடு ஏற்றத்தில் எஞ்சின் கொதித்திருக்கும்.

எங்கள் கருத்து இதுதான்: சந்தேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். முதலில் பிரித்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வகுப்பிலும் நாங்கள் இந்தப் பிழையைச் செய்கிறோம். சத்தம் கேட்டதும் வழக்கமாக மாட்டுகிற பிள்ளையைத்தான் எழுப்பி நிறுத்துகிறோம். அல்டர்நேட்டரின் காசு போனதோடு சரி. அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லப் போகிறோம்?