கம்ப்யூட்டர் வாங்குமுன் யோசியுங்கள்!

கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் 10க்கு அளித்துவந்த ஆதரவை, 2025 அக்டோபர் 14ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. “பழசைத் தூக்கியெறி, புதிது வாங்கு” என்கிறது வியாபாரம். கூலி வாங்கிப் பிழைக்கும் நாம் இதற்குத் தலையாட்டலாமா?

கூடாது! பழைய மெஷினில் வேகமான எஸ்.எஸ்.டி. பொருத்தி, இலவச லினக்ஸைப் போட்டால், பிள்ளைகளின் படிப்புக்குப் பெரும்பாலும் அதுவே உழைக்கும்.

புதிது வாங்கியே தீரவேண்டுமா? படிப்புக்கும் கணக்குக்கும் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போதும். விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். “வட்டியில்லாத் தவணை” என்றால், கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். பில்லும் வாரண்டியும் இல்லாமல் கடைப்படி இறங்காதீர்கள்.

வியர்வை சிந்திய காசு நம்முடையது. தேவையை நாமே தீர்மானிப்போம். கம்பெனி தீர்மானிக்க விடோம்!