வண்ணத்திற்கு முன் தாள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. நம் மாவட்டத்து அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய ஓவியங்களைப் பலர் கண்டிருப்பீர்கள். சுவரோவியம் தீட்டிய அக்காலக் கலைஞர், வண்ணம் குழைக்குமுன் சாந்து பூசிச் சுவரைப் பக்குவப்படுத்தினர். நமக்குச் சுவராக இருப்பது தாள். நாமோ வண்ணங்களுக்குத் தாராளமாகச் செலவிட்டு, தாளென்றால் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே நம் கருத்து.

இப்போது தோழியர் பலரிடம் இருமுனை மார்க்கர் பேனாக்கள் உள்ளன. இவற்றில் பலவற்றின் மையில் நீருக்குப் பதிலாக ஆல்கஹால் இருக்கிறது. எழுதும் தாளில் மை ஊறாதிருக்க, செய்யும்போதே பசைப்பொருள் சேர்க்கிறார்கள். அது நீரைத் தடுக்கும், ஆல்கஹாலைத் தடுக்காது. எனவே ஊற்றுப்பேனா மை பரவாத நோட்டிலும் மார்க்கர் மை கோட்டைத் தாண்டிப் பரவி, அடுத்த பக்கத்தையும் கெடுத்துவிடுகிறது.

அப்படியானால் தடித்த தாள் போதுமே எனலாம். 1 சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே தாளின் கணக்கு. நகலெடுக்கும் தாள் 70 அல்லது 80 கிராம். 80 கிராம் தாளில் ஏ4 அளவு ஒன்று 5 கிராம் எடையிருக்கும். ஆனால் எடை மட்டும் போதாது. சொரசொரப்பான சார்ட் தடிமனாயினும் மையை உறிஞ்சிவிடும். பேனாவும் சீக்கிரம் தீரும். நீர்வண்ணத்திற்கான மேடுபள்ளத் தாள் பேனா முனையைத் தேய்த்துவிடும். மார்க்கருக்கென்றே செய்த தாளோ 70 கிராமே இருந்தாலும், தனிப்பூச்சினால் மையை மேலேயே நிறுத்தி, இரு வண்ணங்கள் கலக்க இடம் தருகிறது. வழவழப்பான பிரிஸ்டல் அட்டையும் ஏற்றதே.

மைக்கோட்டுப் படத்திற்கு இவ்வளவு செலவு வேண்டாம். கரூர் மாவட்டத்துக் காகிதபுரம் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்தும் எழுதும் தாள் செய்கிறார்கள். அத்தகைய வழவழப்பான சாதாரணத் தாளே கோட்டுப்படப் பயிற்சிக்குப் போதும். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தியடிகள் படங்கள், கறுப்பு மையால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்குச் சான்று.

தாளைச் சோதிப்பது எளிது. ஓரத்தில் கட்டைவிரல் அளவு கட்டம் வரைந்து மார்க்கரால் இரு முறை பூசுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஓரத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். உலர்ந்த மைக்கோட்டின்மேல் மார்க்கரை ஓட்டுங்கள். கோடு கலைந்தால் முதலில் வண்ணம், பிறகு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு பழைய தாளையும் இடுங்கள்.

“திறமை இருந்தால் எந்தத் தாளிலும் வரையலாம், தாளைக் குறை கூறுவது சாக்கு” என்பர் சிலர். பழகுவதற்கு இது சரி. போட்டிக்குச் சரியன்று. போட்டியொன்றில் எல்லோருக்கும் உறிஞ்சும் சார்ட் கொடுத்துவிட்டு, வண்ணம் பரவியதற்கு மதிப்பெண் குறைத்ததைக் கண்டோம். அவரவர் தாளை அவரவரே கொண்டுவரலாம் என்றால், நகரத்துக் கடையில் வாங்க வசதியுள்ளவர்களுக்கே பரிசு போகும். பென்னாகரம், அரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வரும் தோழியர் என் செய்வர்?

ஆகவே நம் வேண்டுகோள் இரண்டு. பெற்றோரே, நாற்பத்தெட்டு வண்ணப் பெட்டிக்குப் பதில் பன்னிரண்டு வண்ணமும் கொஞ்சம் நல்ல தாளும் வாங்கித் தாருங்கள். அருட்சகோதரியரே, ஓவிய வகுப்பிற்கு மார்க்கர் தாளைக் கட்டாக வாங்கி, பாதியாக வெட்டி, போட்டி நாளில் அனைவருக்கும் ஒன்றுபோல் வழங்குங்கள். அதன்பின் வெற்றி தோல்வியைக் கைத்திறன் தீர்மானிக்கட்டும்!